டோரெஸ்டாட் துறைமுகம் எங்கே போயிற்று?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக்குத் தென்கிழக்கே, லெக் ஆற்றங்கரையில் உள்ள வெய்க் பெய் டூர்ஸ்டேடே என்ற சிற்றூருக்குப் போய்வந்திருக்கிறீர்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வட ஐரோப்பாவின் முக்கியமான வணிகத் துறைமுகங்களில் ஒன்றான டோரெஸ்டாட் அங்கேதான் இருந்தது என்றும், வடநாட்டுக் கடற்கொள்ளையரான வைகிங்குகள் அதைத் திரும்பத் திரும்பத் தாக்கினார்கள் என்றும் ஒரு தகவல் பலகையில் படித்திருக்கிறீர்கள். கோட்டை, பெரிய தேவாலயம், நுழைவாயிலின் மேல் நிற்கும் காற்றாலை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அந்தத் துறைமுகத்தின் ஒரு கல்லைக்கூடக் காணவில்லை. அதனால்தான் "அந்தக் கோட்டைதான் டோரெஸ்டாட்டின் மிச்சமா? மற்றதையெல்லாம் வைகிங்குகள் எரித்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சுருக்கமான பதில் "இல்லை" என்பதுதான். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. மன்னர்களின் ஆவணங்களிலும் துறவிகளின் நூல்களிலும் இடம்பெற்ற ஓர் ஊர் எப்படித் துடைத்தெடுத்தாற்போல் மறையும்? விளக்கம் தேவைப்படுவது அதற்குத்தான். ஆற்றை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்ல வழியில்லை.

நான் தொல்லியல் படித்தவன். ஆற்றுப்படுகை ஊர்களில் கிடைக்கும் பானை ஓடுகளை வகை பிரிப்பதும், வெட்டிய குழியின் சுவரில் மண்ணடுக்குகளைப் படிப்பதும் என் தொழில். பல ஆண்டுகளாக உட்ரெக்ட் வட்டாரத்தில் வாழ்கிறேன். நாணயவியலும் லத்தீன் ஆவணங்களும் என் துறை அல்ல என்பதால் அவற்றைப் பற்றிப் பேசும் இடங்களில் அத்துறை அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எளிதாக இருக்கும். ஜெர்மனியிலிருந்து வரும் ரைன் நதி நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் கிளைகளாகப் பிரிகிறது. தெற்கே போகும் பெரிய கிளை வால். வடக்கே போகும் கிளை ஆர்ன்ஹெமைக் கடந்து மேற்கே திரும்பி வெய்க்கை அடைகிறது. அதுவரை அதற்கு நேடர்ரைன் என்று பெயர்; வெய்க்கைத் தாண்டியதும் அதே நீரை லெக் என்கிறார்கள். ஊரை ஒட்டி வடமேற்காக ஒரு சிறிய ஆறு பிரிந்து உட்ரெக்ட் நோக்கி நெளிந்து போவதைப் பார்ப்பீர்கள். அது குரோமே ரைன், அதாவது வளைந்த ரைன். இன்று படகோட்டிகள் பொழுதுபோக்காகத் துடுப்புப் போடும் அளவுக்குத்தான் அதில் தண்ணீர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதுதான் ரைனின் முதன்மையான ஓட்டம். அவர்களின் பேரரசுக்கு வடக்கு எல்லையும் அதுவே.

அந்தக் கவட்டையில் நின்று ஒரு வணிகனின் கண்ணால் பாருங்கள். மேலே போனால் கொலோன், மைன்ஸ். திராட்சைத் தோட்டங்களும் பானைச் சூளைகளும் உள்ள நாடு. குரோமே ரைன் வழியே உட்ரெக்ட் போய், அங்கிருந்து வெக்ட் ஆற்றில் வடக்கே திரும்பினால் அக்காலத்து அல்மேரே ஏரி, அதன்பின் ஃப்ரீசியக் கடற்கரை, டென்மார்க், சுவீடன். லெக் வழியே மேற்கே இறங்கினால் கடல், கடலுக்கு அப்பால் இங்கிலாந்து. மூன்று திசைச் சரக்கும் ஒரே இடத்தைக் கடந்தாக வேண்டும். அந்த இடத்தில் சுங்கச் சாவடி வைத்தவன் அரசனாவான். 7ஆம் நூற்றாண்டில் வட கடற்கரையோர மக்களான ஃப்ரீசியர்களும் தெற்கே ஆண்ட பிராங்குகளும் இந்த ஊருக்காக மாறி மாறிப் போரிட்டதற்குக் காரணம் இதுதான்.

எழுத்துச் சான்றுகளில் உறுதியானவற்றைச் சொல்கிறேன். 7ஆம் நூற்றாண்டில் மடெலினுஸ் என்ற நாணயம் அடிப்பவர் தம் பெயரையும் டோரெஸ்டாட்டின் பெயரையும் பொறித்துத் தங்கக் காசு வெளியிட்டார். இங்கு வருவதற்கு முன்பு அவர் மாஸ்ட்ரிக்ட்டில் அடித்த காசுகளும் கிடைத்திருக்கின்றன. கைதேர்ந்த ஒருவர் தம் அக்கசாலையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுகிறார் என்றால் புதிய இடத்தில் காசுக்கான தேவை பெருகிவிட்டது என்றே கொள்ளலாம். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிராங்குகளின் தலைவர் இரண்டாம் பிப்பின் டோரெஸ்டாட் கோட்டை அருகே ஃப்ரீசியரின் தலைவர் ராட்பாடைத் தோற்கடித்தார். 716இல் இங்கிலாந்துத் துறவி போனிஃபாஸ் லண்டனிலிருந்து கப்பலேறி வந்து இறங்கியது இங்கேதான். 777இல் பிராங்கு மன்னர் சார்லமேன் உட்ரெக்ட் திருச்சபைக்கு டோரெஸ்டாட்டை ஒட்டிய ஒரு தேவாலயத்தையும், லெக் கரையில் கப்பல் அணையும் இடத்துக்கான கரைவரியையும் கொடுத்தார்.

என்னை மிகவும் கவர்ந்த சான்று 831ஆம் ஆண்டினுடையது. ஸ்ட்ராஸ்பூர்க் திருச்சபையின் ஆட்கள் பிராங்குப் பேரரசு முழுவதும் சுங்கம் கட்டாமல் போகலாம் என்று சார்லமேனின் மகனான பேரரசர் லூயி சலுகை தருகிறார். மூன்று இடங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை: ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்த குவென்டோவிக், ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள், டோரெஸ்டாட். கடவுளின் பெயரால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் துணிந்த பேரரசரும் டோரெஸ்டாட்டின் வருமானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஊரின் செல்வத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஊருக்கு வெளியே அதன் பெயர் எப்படிப் பரவியிருந்தது என்பதற்கும் ஓர் அழகான கதை உண்டு. வடநாட்டுக்குச் சமயம் பரப்பப் போன அன்ஸ்கர் என்ற துறவியின் வரலாற்றை அவருடைய சீடர் ரிம்பெர்ட் எழுதியிருக்கிறார். சுவீடனின் பிர்கா என்ற வணிக ஊரில் ஃப்ரீடெபுர்க் என்ற செல்வந்தப் பெண்மணி சாகும் தறுவாயில் தன் மகள் கட்லாவை அழைத்து, தனக்குள்ளதை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறாள். இங்கே ஏழைகள் குறைவு, டோரெஸ்டாட்டுக்குப் போ, அங்கே தேவாலயங்களும் குருமார்களும் ஏழைகளும் ஏராளம் என்கிறாள். மகளும் கடல் கடந்து வந்து தெருத்தெருவாகத் தர்மம் செய்கிறாள். ஒரு நாள் களைப்பு மிகுந்து, சில காசுகளை எடுத்துக் கொஞ்சம் மது வாங்கிக் குடிக்கிறாள். கொடுத்து முடித்து வெறுமையான பை மறுபடி நிறைந்திருக்கிறது. மதுவுக்குச் செலவான காசு மட்டும் திரும்பவில்லை. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வரலாற்று மாணவனுக்கு இந்தக் கதையில் வேண்டியது வேறு. சுவீடனில் மரணப் படுக்கையில் இருந்த ஒருத்திக்கு டோரெஸ்டாட் எப்படிப்பட்ட ஊர் என்பது தெரிந்திருக்கிறது. தேவாலயங்கள் நிறைந்த ஊர், ஏழைகள் கூடும் அளவுக்குப் பெரிய ஊர், தெருவில் காசு கொடுத்து மது வாங்கக்கூடிய ஊர்.

இனி மண்ணுக்கு வருவோம். 1960களில் வெய்க் ஊரை விரிவுபடுத்தி வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். நெதர்லாந்து அரசின் தொல்லியல் துறை வான் எஸ் என்பவரின் தலைமையில் 1967இல் பெரும் அகழாய்வைத் தொடங்கியது. வீடு கட்டுபவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால் பத்து ஆண்டுகள் ஏறத்தாழ இடைவிடாமல் தோண்டினார்கள். சுமார் 30 ஹெக்டேர் நிலம் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரே ஊரில் இவ்வளவு பரப்பைத் தோண்டிய அகழாய்வுகள் மிகச் சில. நீங்கள் கார் நிறுத்திய குடியிருப்புத் தெருக்களின் அடியில்தான் டோரெஸ்டாட் கிடக்கிறது. அங்கே ஒரு சாலைக்குச் சார்லமேனின் அரச மரபை நினைவூட்டிக் கரோலிங்கர் சாலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஹோக்ஸ்ட்ராட் என்ற தெருப்பகுதியில் துறைமுகம் வெளிப்பட்டது. பழைய ரைன் இங்கே ஒரு பெரிய வளைவாக ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் ஓடும் ஆறு ஒரு கரையை அரித்து மறுகரையில் மணலையும் வண்டலையும் சேர்க்கும். டோரெஸ்டாட் வண்டல் சேரும் கரையில் இருந்தது. எனவே ஆறு ஆண்டுதோறும் ஊரை விட்டுக் கிழக்கே விலகிக்கொண்டே போனது. ஊர்க்காரர்கள் விடவில்லை. ஒவ்வொரு மனைக்காரரும் தம் வீட்டு முகப்பிலிருந்து ஆற்றை நோக்கிச் சேற்றில் மரக்கம்பங்களை வரிசையாக அறைந்து, மேலே பலகை பரப்பிப் பாதை போட்டார்கள். ஆறு விலக விலகப் பாதையை நீட்டினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இப்படி நீண்ட பாதைகள், சில 200 மீட்டர் வரை, அகழாய்வில் கம்ப வரிசைகளாகத் தெரிந்தன. மேலிருந்து எடுத்த படங்களில் ஆயிரக்கணக்கான கருப்புப் புள்ளிகளாகத் தோன்றுபவை அந்தக் கம்பங்களின் அடிக்கட்டைகள்தான். அவை கப்பல் நேரடியாக வந்து அணையும் துறைகளா, அல்லது கரையோரச் சேற்றைக் கடக்க மட்டும் போட்ட மரச்சாலைகளா, இடையில் இருந்த வெளியையும் நிரப்பி முழுத் தளமாக்கினார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. ஆற்றைத் துரத்திக்கொண்டு அந்த ஊர் நகர்ந்தது என்பதில் விவாதம் இல்லை.

கிணறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் கிணறு வெட்டினால் பக்கச் சுவர் சரிந்துவிடும். உறை இறக்கியாக வேண்டும். டோரெஸ்டாட் மக்கள் பல இடங்களில் உறையாக இறக்கியது ஆளுயரத்துக்கும் மேலான மதுப் பீப்பாய்களை. மேல்மூடியையும் அடிப்பலகையையும் தட்டி எடுத்துவிட்டுப் பீப்பாயை அப்படியே குழிக்குள் நிறுத்திவிடுவார்கள். நிலத்தடி நீருக்குக் கீழே காற்று புகாததால் மரம் கெடாமல் நின்றது. பலகைகளின் ஆண்டு வளையங்களை அளந்து ஒப்பிட்டுப் பார்த்ததில் அந்த மரங்கள் ரைனின் மேற்பகுதியில், மைன்ஸ் வட்டாரத்தை ஒட்டி வளர்ந்தவை என்று தெரிந்தது. எந்த ஆண்டு வாக்கில் வெட்டப்பட்டன என்றும் கணிக்க முடிந்தது. ஒரு கிணற்றின் உறை, மது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, குடித்து முடித்த பின் பீப்பாயை என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் சொல்லிவிடுகிறது.

பானை ஓடுகளும் அதே கதையைத்தான் சொல்கின்றன. கிடைத்தவற்றில் பெரும்பகுதி உள்ளூரில் கையால் வனைந்தவை அல்ல. ரைன்லாந்துச் சூளைகளில் சக்கரத்தில் செய்து, படகில் இறங்கியவை. வெளிறிய மஞ்சள் நிறத்தில் பட்டை அழுத்திய பாடோர்ஃப் வகை ஓட்டைக் கையில் எடுத்தால் இருட்டில்கூட அடையாளம் சொல்லிவிடலாம். அதன் தொடு உணர்வு அப்படி. திரிகைக் கற்கள் இன்னும் சுவையானவை. ஐஃபெல் மலைப் பகுதியில் மாயென் என்ற ஊரின் எரிமலைக் கல்லிலிருந்து வெட்டியவை அவை. அரைகுறையாகக் கொத்திய வட்டுகளாகவே படகில் ஏற்றிவந்து, இங்கே நடுத்துளையிட்டு, முகத்தைச் சமன் செய்து விற்றிருக்கிறார்கள். கொத்திய சிதறல்கள் கிடைத்திருப்பதால் இது ஊகம் இல்லை. சரக்கு கைமாறும் இடமாக மட்டும் டோரெஸ்டாட்டை நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீப்பு செய்ய எலும்பும் கொம்பும் அறுத்தவர்கள், பால்டிக் கரையிலிருந்து வந்த அம்பரைச் செதுக்கியவர்கள், துணி நெய்தவர்கள் எல்லோரும் அங்கே வாழ்ந்தார்கள்.

1969இல் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து ஒரு தங்க ஆடை ஊசி கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம். தங்கக் கண்ணறைகளில் செந்நிறக் கார்னெட் கற்களும் கண்ணாடியும் பதித்து, எனாமலும் சிறு முத்துகளும் சேர்த்துச் செய்தது. 800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தது. இப்போது லைடன் நகரின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரோ அவசரத்தில் ஒளித்துவைத்தார்கள், வைகிங் தாக்குதலின்போது போட்டிருப்பார்கள் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஒரு கிணற்றில் கிடந்தது என்பதற்கு மேல் சான்று எதையும் சொல்லவில்லை. நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5, 6ஆம் நூற்றாண்டுகளின் பிராங்கு நகைகளில் உள்ள கார்னெட் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று வேதியியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிற்கால நகைகளில் ஐரோப்பியக் கற்களே மிகுதி. எனவே 800ஐ ஒட்டிய இந்த ஊசியின் கற்களுக்கு நம் ஊர்ப் பெருமையைச் சூட்டுவது சரியாகாது.

துறைமுகத்தின் ஒரு கல்லைக்கூடக் காணவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்லே இல்லை என்பதுதான் விடை. வீடு, பாதை, துறை, பெரும்பாலான தேவாலயங்கள் எல்லாமே மரம். கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய நாடு இது. கைவிட்ட மரவீடு தரைக்கு மேல் ஒரு தலைமுறையில் மக்கிவிடும். கம்பம் நட்ட குழியின் கருமை மட்டும் மண்ணில் மிஞ்சும். போதாக்குறைக்கு 1840களில் இந்த வயல்களில் எலும்புக்காகத் தோண்டினார்கள். பழைய ஊர்க் குப்பையில் மாட்டெலும்பு மலைமலையாகக் கிடந்தது. அரைத்தால் நல்ல விலை கிடைத்தது. எலும்போடு காசும் நகையும் வெளிவரத் தொடங்கிய பிறகுதான் லைடன் அருங்காட்சியகத்திலிருந்து யான்சென் என்ற அறிஞர் 1842இல் வந்து முறையாகப் பார்த்தார். ஒருவகையில் அந்த எலும்பு வியாபாரமே டோரெஸ்டாட்டை மீண்டும் உலகுக்குக் காட்டியது. ஆனால் மேல் அடுக்குகள் பலவற்றை அது கலைத்துவிட்டது. ஊரின் கடைசிக் காலத்தைப் பற்றி நாம் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது வைகிங்குகள். 834இல் டேனியர்கள், அதாவது டென்மார்க்கிலிருந்து வந்த வைகிங்குகள், உட்ரெக்ட் வழியாக வந்து டோரெஸ்டாட்டைச் சூறையாடி, சிலரைக் கொன்று, சிலரைச் சிறைபிடித்து, ஒரு பகுதியை எரித்தார்கள் என்று பிராங்கு ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. 835, 836, 837 என்று அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்தார்கள். கூர்ந்து பார்த்தால் இந்தக் கணக்கே ஒரு உண்மையைச் சொல்கிறது. அடுத்த ஆண்டும் கொள்ளையடிக்க வருகிறார்கள் என்றால் அடுத்த ஆண்டும் அங்கே கொள்ளையடிக்க ஏதோ இருந்திருக்கிறது. 834இல் ஊர் அழிந்திருந்தால் 837 வரை யாரும் மெனக்கெட்டுத் துடுப்புப் போட்டிருக்க மாட்டார்கள். அதோடு, ஊர் முழுவதும் பரவிய எரிந்த அடுக்கு எதுவும் அகழாய்வில் தென்படவில்லை. அங்கங்கே கரி கிடைப்பது மரவீடுகள் நிறைந்த எந்த ஊரிலும் இயல்பு. 850இல் ரோரிக் என்ற டேனியத் தலைவர் ஊரைக் கைப்பற்றியபோது, லூயியின் மகனான பேரரசர் லோத்தர் அவரை விரட்ட முடியாமல், ஊரை அவருக்கே பொறுப்பாக ஒப்படைத்தார். மற்றத் தாக்குதல்காரர்களைத் தடுக்க வேண்டும் என்பது நோக்கம். ஒன்றுமில்லாத சாம்பல்மேட்டுக்கு இப்படி ஒப்பந்தம் போடுவதில்லை. 863இன் தொடக்கத்தில் கொலோன் நோக்கிப் போன டேனியர்கள் வழியில் டோரெஸ்டாட்டைச் சூறையாடினார்கள் என்ற குறிப்பு வருகிறது. அதன்பிறகு துறைமுகமாக அந்தப் பெயர் ஆவணங்களில் தலைகாட்டவில்லை.

அப்படியானால் எது கொன்றது? நான் ஆற்றைத்தான் முதலில் சொல்வேன். குரோமே ரைன் மெல்ல மெல்லத் தூர்ந்துகொண்டிருந்தது. தண்ணீரின் பெரும்பங்கு லெக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. துறைமுகம் இருந்த வளைவும் சேறு படிந்தது. எவ்வளவு நீளமான பலகைப் பாதை போட்டாலும் ஓரளவுக்கு மேல் ஆற்றைத் துரத்த முடியாது. இரண்டாவது காரணம் அரசியல். 843இல் வெர்டூனில் பேரரசு மூன்றாகப் பிரிந்தது. ஒரே ஆட்சியின் கீழ் ரைன் முழுவதும் பாதுகாப்பாக ஓடிய சரக்குக்கு இப்போது அந்த உறுதி இல்லை. தூர்ந்துவரும் துறை, காப்பாற்ற ஆளில்லாத எல்லை, ஆண்டுதோறும் கொள்ளை, மூன்றும் சேர்ந்தபோது வணிகர்கள் வேறிடம் தேடினார்கள். நல்ல நீரோட்டமும் நிலையான ஆட்சியும் இருந்திருந்தால் கொள்ளையடிக்கப்பட்ட துறைமுகம் மீண்டு எழுந்திருக்கும். 830களில் அது திரும்பத் திரும்ப எழுந்ததும் உண்மை. இது என் மதிப்பீடு. தூர்வது எந்தப் பத்தாண்டில் தீவிரமடைந்தது என்பது துல்லியமாக நிறுவப்படாத வரையில், வைகிங்குகளுக்கு என்னைவிட அதிகப் பங்கு கொடுக்கும் அறிஞர்களைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அங்கே கிடைத்த காசுகள் லூயி பேரரசரின் காலத்துக்குப் பின் சட்டென்று குறைகின்றன. அதை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகவே வாசிக்கலாம்.

வணிகம் சாகவில்லை, இடம் மாறிற்று. வால் ஆற்றங்கரையில் டீல், ஐசல் ஆற்றங்கரையில் டேவென்டர், பின்னர் உட்ரெக்ட் ஆகியவை தலையெடுத்தன. 948இல் முதலாம் ஓட்டோ மன்னர் உட்ரெக்ட் திருச்சபைக்குக் கொடுத்த ஓர் ஆவணத்தில், முன்பு டோரெஸ்டாட், இப்போது வெய்க் என்று அழைக்கப்படும் ஊர் என்ற குறிப்பு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்குள் பழைய பெயர் 'முன்பு' என்ற சொல்லோடு சேர்ந்துவிட்டது. 1122 வாக்கில் உட்ரெக்ட் ஆயர் குரோமே ரைனின் வாயை வெய்க்கில் அணைகட்டி அடைத்தார். கீழே உள்ள சதுப்பு நிலங்களை வயலாக்குவதற்காக. ரோமப் பேரரசின் எல்லையாக இருந்த நதி அன்றோடு வாய்க்காலாகிவிட்டது.

நீங்கள் பார்த்த ஊர் அதற்குப் பின் வந்தது. 1300இல் அதற்கு நகர உரிமை கிடைத்தது. கோட்டையின் சதுரமான கனத்த கோபுரம் 13ஆம் நூற்றாண்டினது. டோரெஸ்டாட் முடிந்து நானூறு ஆண்டுகள் கழித்துக் கட்டியது. பக்கத்தில் நிற்கும் பெரிய உருண்டைக் கோபுரம் உட்ரெக்ட் ஆயர் டேவிட்டின் காலத்தது. இவர் பர்கண்டி கோமகன் பிலிப்பின் மகன். உட்ரெக்ட் மக்களோடு ஒத்துப்போகாமல் பெரும்பாலும் இங்கேயே அவை நடத்தினார். 1496இல் இங்கேயே இறந்தார். ஊர் நடுவிலுள்ள தேவாலயத்தின் கோபுரம் மொட்டையாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். உட்ரெக்ட் பேராலயத்தின் டோம் கோபுரத்துக்கு இணையாக எழுப்ப நினைத்து முடிக்காமல் விட்டது அது. ஆயர்களின் காலம் முடிந்ததும் கோட்டை பாழாயிற்று. பின்னாளில் ஊர்க்காரர்களே வீடு கட்ட அதிலிருந்து செங்கல் எடுத்துக்கொண்டார்கள்.

காற்றாலையைப் பற்றி ஒரு திருத்தம். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்தில் ஓவியர் ராய்ஸ்டால் 1670ஐ ஒட்டி வரைந்த புகழ்பெற்ற வெய்க் காற்றாலை ஓவியம் இருக்கிறது. வழிகாட்டிகள் சிலர் நீங்கள் பார்த்த 'ரைனும் லெக்கும்' என்ற காற்றாலைதான் அது என்று சொல்லிவிடுகிறார்கள். அது நகர வாயிலின் மேல் 1659இல் கட்டியது. தோல் பதனிட ஓக் பட்டை அரைத்தது. ஓவியத்தில் இருப்பது ஆற்றோரம் நின்ற வேறொரு உருளைக் காற்றாலை. அது 19ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது.

உறுதியில்லாதவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். டோரெஸ்டாட்டின் மக்கள்தொகையாக இணையத்தில் உலவும் எண்களை நம்பிக் கட்டுரை எழுத வேண்டாம். ஊர் ஒரே காலத்தில் முழு நீளத்துக்கும் நிரம்பி வாழ்ந்ததா, இல்லை ஆற்றோடு நகர்ந்ததா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை பல மடங்கு மாறும். அடுத்து, லெவெஃபானம் என்ற ரோமானியர் கோட்டையும் இங்கே இருந்தது, பிற்கால டோரெஸ்டாட் கோட்டை அதன்மேல் நின்றது என்ற கருத்து. ஆற்றில் தூர்வாரியபோது ரோமானியப் பொருள்கள் கிடைத்திருப்பதால் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் கட்டடம் இருந்த நிலத்தையே லெக் அரித்துக்கொண்டு போய்விட்டது என்று கருதப்படுவதால் தோண்டி உறுதிசெய்ய இடமில்லை.

ஆற்றோடான பேரம் இன்றும் ஓயவில்லை. 1952இல் திறந்த ஆம்ஸ்டர்டாம்-ரைன் கால்வாய் ஊரை ஒட்டியே லெக்கைக் கடக்கிறது. டோரெஸ்டாட்டின் படகுகள் போன அதே வடக்கு, மேல்நதித் திசைகளில் இன்றைய சரக்குக் கப்பல்கள் இளவரசி ஐரீன் நீர்ப்பூட்டைக் கடந்து போகின்றன. 1995இல் வெள்ளம் பெருகியபோது நெதர்லாந்தின் ஆற்றுப் பகுதிகளில் சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். லெக்கின் வடகரை உடைந்தால் தண்ணீர் உட்ரெக்டையும் தாண்டிப் போகும் என்பதால் அமெரோங்கனிலிருந்து ஸ்கோன்ஹோவன் வரை 55 கிலோமீட்டர் கரையைப் பலப்படுத்தும் வேலை நடக்கிறது.

மறுபடி போவதாக இருந்தால் காற்றாலை வாயிலைத் தாண்டிக் கரைமேட்டில் ஏறி நில்லுங்கள். லெக்கும் எதிர்க்கரையும் தெரியும். அங்கிருந்து ஊரைக் குறுக்கே கடந்து ஹோக்ஸ்ட்ராட் பக்கம் நடந்தால், நீங்கள் நடக்கும் தரை பழைய ரைன் விட்டுச்சென்ற வண்டல். ஊரிலுள்ள டோரெஸ்டாட் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தத் தங்க ஊசியை நேரில் பார்க்க லைடனுக்குத்தான் போக வேண்டும்.